அக்காவுக்கு, கால்வேயிலிருந்து

கால்வே, அயர்லாந்து
9-2-2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், நீ அம்மைக்கு வாசித்துக் காட்டும்போது அம்மை முதலில் கேட்பது இதைத்தான்.

தினமும்தான் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று அத்தான் கேட்பார். போனில் பேசினால் சாப்பிட்டாயா, குளிர் எப்படி, லீவு எப்போது என்பதோடு முடிந்துபோகிறது. இரண்டு வாரத்துக்கு முன்னால் இங்கே அடித்த புயலுக்குப் பிறகு மனசில் கிடந்து உருள்கிற சில விஷயங்களை வாயால் சொல்ல வரவில்லை. இன்றைக்கு எனக்கு வேலை இல்லை, வெளியே தூறிக்கொண்டிருக்கிறது, அடுப்பில் கிழங்கு வேகிறது, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மழையிலிருந்தே தொடங்குகிறேன். அயர்லாந்து என்றாலே மழை என்று எல்லோரும் சொல்லிப் பயமுறுத்தினார்கள் இல்லையா, உண்மையில் இங்கே வருஷத்துக்குப் பெய்வது சுமார் 1,200 மில்லிமீட்டர்தான். நம்ம குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை மலைப்பக்கம் இதைவிடக் கூடுதலாகவே பெய்யும். வித்தியாசம் பெய்கிற விதத்தில் இருக்கிறது. நம்ம ஜூன் மாதத்து எடவப்பாதி மழை வருகிறபோது ரப்பர் தோட்டத்துக்கு அப்புறத்திலிருந்தே இரைச்சல் கேட்கும், கொடியில் கிடக்கிற துணியை எடுக்க ஓடுவதற்குள் முற்றத்தில் வந்து நிற்கும், ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு வெயிலை விட்டுவிட்டுப் போய்விடும். இங்கே சத்தமே இல்லாமல் ஒரு ஈரம் வந்து சட்டையில் உட்காரும், மூன்று நாள் ஆனாலும் போகாது. அதை இவர்கள் 'சாஃப்ட் டே' என்று பிரியமாகச் சொல்கிறார்கள். பழகிவிட்டேன். டிசம்பரில் நாலரை மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடுவதற்குத்தான் இன்னும் பழகவில்லை. இப்போது பரவாயில்லை, ஐந்தரை வரை வெளிச்சம் இருக்கிறது, வேலை முடிந்து வரும்போது வழியில் முகம் தெரிகிறது, அதுவே பெரிய ஆறுதல்.

சரி, புயலுக்கு வருகிறேன். ஜனவரி 23 வியாழக்கிழமை இங்கே புதுப் பிரதமர் பதவியேற்றார், மீஹால் மார்ட்டின் என்பவர். வேறு நாளாக இருந்தால் ஊரெல்லாம் அதுவே பேச்சாக இருந்திருக்கும். அன்றைக்கோ ஒருவர் வாயிலும் அது இல்லை, பேச்சு முழுவதும் மறுநாள் வரப்போகிற ஏயோவின் புயலைப் பற்றித்தான். இங்கே காற்றுக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று எச்சரிக்கை உண்டு. இந்தத் தடவை நாடு முழுவதற்கும் சிவப்பு. பள்ளிக்கூடம் கிடையாது, பஸ் கிடையாது, ரயில் கிடையாது, யாரும் வெளியே இறங்கக் கூடாது. எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் இரவு வேலைக்கு இருந்த எங்களையும் காலையில் வேலைக்கு வரவேண்டியவர்களையும் முந்தின நாள் சாயங்காலமே வரச் சொல்லிவிட்டார்கள். ஒரு அறையில் மெத்தை போட்டு ஆள் மாற்றி ஆள் தூங்கினோம்.

விடிகாலை ஐந்து மணி வாக்கில் காற்று உச்சத்தில் இருந்தது. இந்தக் கால்வே மாவட்டத்திலேயே மேஸ் ஹெட் என்ற கடலோரத்தில் மணிக்கு 183 கிலோமீட்டர் வேகம் பதிவாயிற்று. அயர்லாந்தில் அளந்ததிலேயே இதுதான் அதிகம், 1945-இல் பதிவான 182 இதுவரை முதலிடத்தில் இருந்ததாம். ஜன்னல் கண்ணாடி உள்ளே வளைவதுபோல் இருந்தது. என்னோடு இருந்த இந்த ஊர்ப் பிள்ளைகள் பயந்துபோய்ப் பேசாமல் நின்றார்கள். எனக்கு அந்தச் சத்தம் புதுசாக இல்லை, அக்கா. 2017 நவம்பர் 30 காலையில் கேட்ட அதே சத்தம்.

ஓக்கிப் புயலை நீ மறந்திருக்க மாட்டாய். வங்காள மொழியில் அந்தப் பெயருக்குக் கண் என்று அர்த்தமாம், அதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். நம்ம அடுக்களையில் எல்லோரும் ஒரே மூலையில் உட்கார்ந்திருந்தோம். தோட்டத்தில் ரப்பர் மரங்கள் ஒன்றொன்றாக முறிகிற சத்தம் வெடி போட்டதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது, அப்பா ஒவ்வொரு சத்தத்துக்கும் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். காற்று அடங்கிப் போய்ப் பார்த்தால் மட்டி வாழையும் செந்துளுவன் வாழையும் குலையோடு தரையில் கிடந்தன, ரப்பரில் பாதிக்கு மேல் போய்விட்டது. அன்றைக்கு அப்பா விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த இருப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆனால் நமக்குப் போனது மரம்தான். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மீனவ ஊர்களில் வீடு வீடாகக் கடலுக்குப் போன ஆள் திரும்பவில்லை.

அந்த இரவில் எங்கள் வார்டில் ஒரு பெரியவர் இருந்தார், கொன்னமாரா கடலோரத்துக்காரர், வாழ்நாள் முழுவதும் மீன் பிடித்தவர். தூக்கம் வராமல் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, உன் ஊரில் கடல் எந்தத் திசை என்று கேட்டார். மேற்கு, தெற்கு, கிழக்கு என்றேன். பிறகு ஓக்கியைப் பற்றிச் சொன்னேன். ஆழ்கடலுக்குப் போனால் எங்கள் மீனவர்கள் வாரக்கணக்கில் தங்குவார்கள், காற்று உருவான நேரத்தில் வெகுதூரத்தில் இருந்தார்கள், நூற்றுக்கும் மேலானவர்கள் போனார்கள் என்று. அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அவர்களிடம் கரையோடு பேச ரேடியோ இருந்ததா?" இருந்த ரேடியோ அவ்வளவு தூரம் எட்டாது என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கடலில் போனவருக்குத்தான் அந்தக் கேள்வி முதலில் தோன்றும்.

இங்கேயும் சாவு இல்லாமல் இல்லை, டொனகல் பக்கம் காரின் மேல் மரம் விழுந்து ஒருவர் இறந்தார். ஆனாலும் அப்படியொரு காற்றில் நாடு முழுக்க ஆட்கள் கதவுக்குள் இருந்தார்கள், படகுகள் துறைக்குள் இருந்தன. ஒரு நாள் முன்னதாக, எல்லோருக்கும் எட்டும்படி, ஒரே குரலில் சொன்னார்கள், சொன்னதை மக்களும் நம்பினார்கள். நம்ம கடற்கரைப் பிள்ளைகளுக்கும் அந்தச் செய்தி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் என்று நினைத்து நினைத்து எனக்கு அன்றைக்கு நெஞ்சடைத்துப்போயிற்று. இப்போது எட்டுகிறதா? நம்ம பக்கத்தில் ஆழ்கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லி அத்தானிடம் சொல்லு. உண்மையாகவே எனக்குத் தெரிய வேண்டும்.

புயலில் 7,68,000 இணைப்புகளுக்குக் கரண்ட் போயிற்று. நான் இருப்பது ஊரிலிருந்து மேற்கே ஸ்பிடால் போகிற வழியில், அங்கே எட்டு நாள் இருட்டு. இங்கே ஹீட்டர் இல்லாவிட்டால் வீட்டுக்குள் மூச்சு விட்டாலே புகை தெரியும். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுபது வயது தாண்டியிருக்கும், அவர் வீட்டில் மட்டும் பழைய காலத்துக் கணப்பு இருக்கிறது. சதுப்பு நிலத்து மண்ணைச் செங்கல்போல் வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள், டர்ஃப் என்று பெயர், புகைக்கு ஒரு தனி மணம். எட்டு நாளும் எங்கள் தெருவே சாயங்காலத்தில் அங்கேதான். ஓக்கி முடிந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாதபோது அம்மை விறகடுப்பில் உளுந்தங்கஞ்சி வைத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு ஊற்றினதை அவரிடம் சொன்னேன். அம்மையைப் பார்க்க வேண்டும் என்கிறார். ஒரு நாள் வீடியோ காலில் காட்டப்போகிறேன், அம்மையை நல்ல சேலை உடுத்தி உட்காரச் சொல்லு.

கரண்ட் வந்தது பிப்ரவரி 1-ஆம் தேதி, இங்கே புனித பிரிஜித் திருநாள். இவர்களுக்கு அன்றோடு வசந்தம் தொடக்கம். 2023-லிருந்து அதற்கு அரசு விடுமுறையும் விடுகிறார்கள். கோரைப்புல்லில் சிலுவை பின்னி வாசலில் மாட்டுகிறார்கள், எனக்கும் ஒன்று கிடைத்தது. பார்த்ததும் நம்ம ஊரில் குருத்தோலை ஞாயிறன்று பிள்ளைகள் ஓலையில் சிலுவை முடைவார்களே, அதே ஞாபகம்.

பிள்ளைகள் அனுப்பின கன்னியாகுமரிக் கண்ணாடிப் பாலத்துப் படங்களைப் பார்த்தேன். 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், கீழே கடல் தெரியுதே, அம்மா! 2000-ஆம் ஆண்டு வள்ளுவர் சிலை திறந்த சமயம் அப்பா நம்மைக் கூட்டிப்போனது ஞாபகம் இருக்கிறதா, அன்றைக்குக் கடல் கொந்தளிப்பாக இருந்ததால் விவேகானந்தர் பாறையோடு படகைத் திருப்பிவிட்டார்கள், நான் 133 அடி சிலையைத் தூரத்திலிருந்தே பார்த்து அழுதேன். இனி எந்தப் பிள்ளைக்கும் அந்த அழுகை வேண்டாம், பாறையிலிருந்து நடந்தே போகலாம். இந்தப் பாலம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, கடல் அரிப்பில் அதை நல்லபடி பராமரிக்க வேண்டும், அது ஒன்றுதான் கவலை.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். அயிலை இங்கே அருமையாகக் கிடைக்கிறது, நம்ம அயிலையைவிடக் கொஞ்சம் கொழுப்பு கூடுதல். மரச்சீனிக் கிழங்கு ஆப்பிரிக்கக் கடையில் உறையவைத்து விற்கிறார்கள். இரண்டும் இருந்தால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை நிறைந்துவிடும். மல்லியும் மிளகும் வறுத்து, உலர்ந்த தேங்காய்த் துருவலை வெந்நீரில் ஊறவைத்து அரைக்கிறேன், ஈத்தாமொழித் தேங்காயின் ருசி அதில் எங்கே வரும். ஆனாலும் கிழங்கை மசித்துக் கறியை ஊற்றி முதல் வாய் வைக்கிறபோது கண்ணை மூடிக்கொள்கிறேன். இங்கத்து வெண்ணெயும் ரொட்டியும் உண்மையிலேயே உயர்ந்த ருசி, அதைக் குறை சொல்லவே மாட்டேன். வாழைப்பழம்தான் மனசுக்கு ஒப்பவில்லை. எல்லாக் கடையிலும் நீளமாக, ஒரே அளவில், ஒரே ஜாதிப் பழம். விரல் நீளத்தில் தேன்போல இருக்கிற மட்டியைப் பற்றி இவர்களிடம் எப்படி விளக்குவது? 2023-இல் மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை நான் இங்கே எல்லோரிடமும் காட்டினேன். அம்மை குழந்தைகளுக்கு முதல் பழமாக அதைத்தான் மசித்துக் கொடுப்பாள் என்றும் சொன்னேன்.

இந்த மாசம் 26-ஆம் தேதி சிவராத்திரி. முந்தின நாளே, பன்னிரண்டு சிவன் கோயிலுக்கும் ஓடுகிற சிவாலய ஓட்டக்காரர்கள் முஞ்சிறைத் திருமலையிலிருந்து கிளம்பிவிடுவார்கள். திற்பரப்பு முடிந்து திருநந்திக்கரைக்குப் போகிறவர்களுக்கு நம்ம வீட்டு முன்னால் வழக்கம்போல் சுக்குவெள்ளமும் மோரும் கொடுங்கள், அதற்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். "கோவிந்தா, கோபாலா" என்று அவர்கள் ஓடுகிற சத்தத்தைப் போனில் பதிவு செய்து அனுப்பு. அன்றைக்கு எனக்கு இரவு வேலை, விடிந்து வந்து கேட்பேன்.

இதை எழுத உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணம் இனிமேல்தான். இப்போது ரப்பர் இலை உதிர்ந்து பால்வெட்டு நின்றிருக்கும். ஓக்கிக்குப் பிறகு 2018 மழையில் அப்பா நட்ட கன்றுகளுக்கு இந்த வருஷம் ஏழு முடிகிறது. புதுத் தளிர் வந்ததும் பால் வெட்டத் தொடங்கிவிடலாம் என்று அப்பா போனில் அவசரப்படுகிறார், எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை, ஆனால் சுற்றளவு வந்திருக்க வேண்டும். ஒட்டுக் கட்டின இடத்திலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் நூல் பிடித்து அளந்தால் 50 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், நூற்றுக்கு எழுபது மரமாவது அந்த அளவைத் தொட்டிருக்க வேண்டும். உன் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு ஒரு நாள் காலையில் நீயும் அத்தானும் வரிசையாக அளந்து, ஒரு தாளில் எழுதி, அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். கிழக்கு வரப்போரம் இருக்கிற மரங்களையும் விடாதீர்கள், அவை நிழலில் வளர்ந்தவை, மெலிந்திருக்கும். அளவு வந்துவிட்டால் முதல் வெட்டை அப்பா கையால்தான் வெட்ட வேண்டும், அது என்ன நேரமாக இருந்தாலும் சரி, எனக்குக் கூப்பிட்டுக் காட்டு.

கிழங்கு வெந்துவிட்டது, வாசனை வருகிறது.

அன்புடன்,
உன் தம்பி