மார்ச் முதலாம் திகதிக்கு முன்னம்

ஒஸ்லோ, நோர்வே
2026 ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். உங்கட சுகத்துக்கும், அம்மாவின்ர முழங்கால் நோ குறையவும் நல்லூர்க் கந்தனை வேண்டிக்கொள்ளுறம்.

போன ஞாயிறு வட்ஸ்அப்பில நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காய் மறுமொழி சொல்லேல்லை. லைனும் விட்டு விட்டுப் போச்சு, எனக்கும் கோபம் வந்திட்டுது. "பொம்பிளைப் பிள்ளையைப் பனிக்குள்ள ஓடவிட்டு என்னத்தைக் காணப்போறாய், படிப்பு என்னாகும்?" என்று கேட்டியள். கேட்டது நியாயம். போனில சொல்லி முடிக்கிற விசயமில்லை எண்டபடியால் முன்னம்போலக் கடிதமாய் எழுதுறன்.

நீங்கள் டிவியில பாத்தது மலை உச்சியிலிருந்து சறுக்கிக்கொண்டு கீழ வாற ஸ்கீ. உங்கட பேத்தி செய்யிறது அதில்லை. இது குறொஸ் கன்ட்ரி ஸ்கீ: காட்டுக்குள்ள ஏத்தம், இறக்கம், சமதரை எல்லாத்தையும் சொந்தக் கால் கை பலத்தில கடக்கிற ஓட்டம். காலில பூட்டுற ஸ்கீக் கட்டை மெல்லிசு, ஆளைவிட நீளம். சப்பாத்தின்ர முன்நுனி மட்டும்தான் கட்டையோட பூட்டியிருக்கும், குதி எழும்பும். மெஷின் வந்து பனியை அமத்தி இரண்டு கோடு இழுத்துவிட்டுப் போகும். எங்கட ஒழுங்கையில மாரிக்கு மாட்டுவண்டில் பதிச்சுவிட்ட தடம் எப்படி, அப்படி.

ஏத்தத்தில கட்டை ஏன் பின்னுக்கு வழுக்கிறேல்லை என்று நீங்கள் கட்டாயம் கேப்பியள். கட்டை வில்லுமாதிரி நடுவில வளைஞ்சிருக்குது, அப்பா. ஒரு காலில முழுப்பாரத்தையும் போட்டு ஊண்டினால் அந்த வளைவு அமந்து, நடுவில பூசின மெழுகு பனியைப் பிடிக்கும். பாரத்தை எடுத்தால் வளைவு நிமிந்து, முன்னும் பின்னும் மட்டும் பனியில பட்டு வழுக்கும். பிடிக்கிறதும் வழுக்கிறதும் ஒரே கட்டையில. குளிருக்கு ஏத்தமாதிரி மெழுகு மாறும்: கடும் குளிருக்கு நீலம், பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் சிவப்பு. பனி உருகிப் பேந்து உறைஞ்சு கிடந்தால் கிளிஸ்தர் என்று ஒரு பசை. பலாப்பழம் வெட்டேக்க கையில பிடிக்கிற பாலை நினைச்சுக்கொள்ளுங்கோ. இவர் வேலையால வந்து, நிலவறையில இருந்து இரவு பத்து மணிவரைக்கும் பிள்ளையின்ர கட்டைக்கு மெழுகு தேய்க்கிறார். வந்த புதுசில பனியில பஸ் ஸ்ரொப்புக்கு நடக்கவே பயந்த மனிசன்.

இஞ்ச பாலர் பள்ளியிலயே மூண்டு வயசில காலில கட்டையைப் பூட்டிவிட்டிச்சினம். பிள்ளையளின்ர போட்டியில 11 வயசுக்குக் கீழ முதலாம், இரண்டாம் என்று வரிசைப்படுத்திறேல்லை. கழகத்தைப் பெற்றோர்தான் நடத்துறது, எங்கட சிரமதானம் மாதிரி. நானும் குளிருக்குள்ள நிண்டு வாஃபிள் சுட்டு வித்திருக்கிறன். டிசம்பரில மூண்டேகாலுக்கெல்லாம் பொழுதுபட்டிடும். காட்டுத் தடத்தில லைற் எரியும். அந்த வெளிச்சத்தில இவள் மரங்களுக்கிடையால போறதைப் பாத்துக்கொண்டு நிப்பன். அந்த நேரம் எனக்குக் குளிர் தெரியிறேல்லை.

இந்த ஓட்டத்தில நோர்வேயின்ர மாரித் பியோர்கன் என்று ஒரு பொம்பிளை. ஒலிம்பிக்கில 15 பதக்கம் எடுத்தவ, அதில 8 தங்கம். 2006 இல ரூரினில வயித்து வருத்தத்தோட ஓடி ஒரு வெள்ளிதான் கிடைச்சது. முதல் ஒலிம்பிக் தங்கம் 2010 இல வன்கூவரில, 29 வயசில. 2015 டிசம்பரில மகன் பிறந்தான். 2017 உலகப் போட்டியில, பின்லாந்தில, நாலு தங்கம். ஆண்டுக்கு 900 மணித்தியாலத்துக்கு மேல பயிற்சி செய்தவ. அதில பெரும்பங்கு மெல்லமாய், பக்கத்தில வாறவரோட கதைச்சுக்கொண்டு போகக்கூடிய வேகத்தில. நீங்கள் துரையப்பா விளையாட்டரங்கில எங்களை ஓடவிட்டு "கதையாமல் ஓடுங்கோ" என்று கத்துவியள், நினைவிருக்கோ? எங்கட பிள்ளையின்ர பயிற்சியாளர் கதைக்கச் சொல்லுறார். மூச்சு வாங்கிக் கதைக்க ஏலாட்டில் வேகத்தைக் குறை என்கிறார். கோடையில பனி இல்லாத நேரம் சில்லுப் பூட்டின கட்டையில றோட்டில ஓட்டம். ஏழெட்டு வருசம் இப்படிப் போனபிறகுதான் ஒரு ஆள் உருவாகும். அவசரக்காரருக்கு இந்த விளையாட்டு சரிவராது. அதாலதான் எனக்கு இதில மதிப்பு.

இன்னொண்டு. இப்ப இந்த ஓட்டத்தில உலகத்திலயே கெட்டிக்காரன் நோர்வேயின்ர யொஹன்னஸ் கிளேபோ. 2018 இல 21 வயசில மூண்டு ஒலிம்பிக் தங்கம். போன வருசம் சொந்த ஊரான திரொண்டைமில நடந்த உலகப் போட்டியில ஓடின ஆறு ஓட்டத்திலயும் தங்கம். அவரைப் பழக்கிறது ஆர் தெரியுமோ? அவரின்ர அம்மப்பா. தாயின்ர தகப்பன். இரண்டு வயசில நத்தாருக்கு முதல் கட்டை வாங்கிக் குடுத்ததும் அவர்தான். இதைக் கேட்ட நாளிலிருந்து உங்கட பேத்தி, "என்ர அம்மப்பாவும் ரைம் பிடிச்சவர்தானே" என்கிறாள். மெய்வல்லுநர் போட்டியில நீங்கள் கையில வைச்சிருந்த ஸ்ரொப்வோச்சைப் பற்றி நான் சொல்லியிருந்தன்.

ஆபத்தும் இருக்குது, மறைக்கேல்லை. தெரேச யொஹாவ் எண்ட வீராங்கனை 2016 இல வெடிச்ச உதட்டுக்குப் பூசின கிறீமில தடைசெய்த மருந்து இருந்து, 18 மாதத் தடை வாங்கினவ. 2018 ஒலிம்பிக் போச்சு. அணி வைத்தியர் குடுத்த கிறீம்தான், எண்டாலும் தண்டனை அவவுக்கு. நாலு வருசம் காத்திருந்து 2022 இல பெய்ஜிங்கில மூண்டு தங்கம் எடுத்தா. அதாலதான் நீங்கள் அனுப்பின சித்த வைத்தியரின்ர எண்ணெயை இவள் இன்னும் திறக்கேல்லை. மனவருத்தப்படாதேங்கோ. அதுக்குள்ள என்னென்ன மூலிகை என்று வைத்தியரிட்டக் கேட்டு எழுதி அனுப்புங்கோ.

போன மாதம் ஒரு போட்டியில வெப்பநிலை திடீரெண்டு மாறி, இவர் பூசின மெழுகில பனி கட்டியாய் ஒட்டிப் போச்சு. கட்டை வழுக்கவேயில்லை. பிள்ளை கடைசி. அவள் வந்து சேரேக்க மற்றவை உடுப்பு மாத்தியிருப்பினம் என்று நினைச்சு நான் நெஞ்சு பதறி நிண்டன். இல்லை அப்பா, கனபேர் நிண்டவை. மணி ஆட்டி, "ஹையா, ஹையா" என்று கத்தி உற்சாகப்படுத்தினவை. முதலாவதாய் வந்த பிள்ளையும் முடிவுக் கோட்டடியில நிண்டது. காரில வரேக்க இவள் அழுதாள். இவர் ஒண்டும் கதைக்காமல் ஓட்டினார். பிறகு அவளே எனக்கு ஒரு கதை சொன்னாள்.

1998, ஜப்பானில நகானோ ஒலிம்பிக். கென்யாவிலிருந்து பிலிப் பொய்ட் என்று ஒருத்தர் வந்தார். ஊரில 800 மீற்றர் ஓட்டக்காரர், 1996 வரைக்கும் பனியைக் கண்ணால கண்டதில்லை. 10 கிலோமீற்றர் ஸ்கீ ஓட்டத்தில 92 ஆவது, கடைசி. தங்கம் எடுத்தது நோர்வேயின்ர பியோர்ன் டேலி. எட்டு ஒலிம்பிக் தங்கம் எடுத்த மனிசன். ஏறக்குறைய இருபது நிமிசத்துக்குப் பிறகுதான் பொய்ட் வந்தார். டேலி பதக்கம் வாங்கப் போகாமல் அந்தக் குளிருக்குள்ள காத்து நிண்டு அவரைக் கட்டிப்பிடிச்சார். பொய்ட் பேந்து தன்ர மகனுக்கு டேலி என்று பேர் வைச்சார். இதைச் சொல்லி முடிச்சிட்டு இவள், "அம்மா, பனியே இல்லாத ஊர்க்காரர் அவர். நான் பனியில பிறந்தனான்" என்றாள். அதுக்குப் பிறகு எனக்கு இவளைத் தடுக்க மனம் வரேல்லை.

படிப்பைக் கேட்டியள். வாற ஆவணியில உயர்தரம் தொடங்குது. இஞ்ச ஸ்கீயோட சேத்துப் படிக்கிற பள்ளிக்கூடங்கள் இருக்குது. காலமை பயிற்சி, பிறகு எல்லாப் பாடமும் உண்டு. பல்கலைக்கழக வாசல் மூடாது. கணக்கில இப்ப நல்ல புள்ளி. ஆனால் இந்த விளையாட்டால சீவிக்கிறவை விரல்விட்டு எண்ணக்கூடிய ஆக்கள்தான், அதுவும் அவளுக்குத் தெரியும். கட்டை, சப்பாத்து எல்லாம் விலை. கழகத்தில பழசு விக்கேக்க வாங்கிச் சமாளிக்கிறம். இயலாமல் போனால் நாங்கள் சொல்லுவம்.

அந்தப் பள்ளிக்கூட விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் மார்ச் 1. அதுக்கு முன்னம் நீங்கள் அவளுக்கே எழுதவேணும், எனக்கில்லை. சம்மதமோ இல்லையோ, உங்கட கையெழுத்தில. தமிழ் வாசிப்பாள், கொஞ்சம் ஆறுதலாய். வாற மாதம் இத்தாலியில ஒலிம்பிக், கிளேபோ ஓடுவார். டிவியில போட்டால் அம்மாவையும் இருத்திப் பாருங்கோ.

ஆரும் வந்தால் பனங்கட்டி ஒரு குட்டான் குடுத்துவிடுங்கோ. நீண்ட ஓட்டத்துக்கு இவள் அதைத்தான் உடைச்சுப் பொக்கற்றில கொண்டு போறவள். போனமுறை அனுப்பினதில இரண்டு துண்டுதான் மிச்சம்.

இப்படிக்கு,
உங்கட அன்பு மகள்