பேய்ப் படக்கதையை நிறுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுவர் பகுதியில் வரும் பேய்ப் படக்கதையை நிறுத்தச் சொல்லி ஒரு தாய் சென்ற இதழில் கடிதம் எழுதியிருந்தார். அதைப் படித்த நாளிலிருந்து அவருடைய மகன் இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லையாம். குழந்தை தூங்காமல் கிடப்பது சாதாரண விஷயம் இல்லை. ஆனாலும் அந்தப் படக்கதை தொடர வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவள். எழுபதுகளின் தில்லியில் தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம். தமிழ் வீட்டுக்குள் பேசுவதோடு சரி. எங்களை எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தது சிறுவர் மாத இதழான அம்புலிமாமாதான். ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஊரிலிருந்து யாராவது வந்தால் முறுக்கு டப்பாவுக்கு அடியில் நாலைந்து இதழ்கள் இருக்கும். பிரித்ததும் நேரே விக்கிரமாதித்தன் கதைக்குப் போவோம். சங்கர் என்ற பெயரில் வரைந்த கே.சி. சிவசங்கரனின் படம் அதில் இருக்கும். ஒரு கையில் வாள், தோளில் பிணம், சுற்றிலும் சுடுகாடு, மண்டை ஓடுகள். விரல் இடுக்கு வழியாகத்தான் அதைப் பார்ப்போம். ஆனால் பார்க்காமல் விட்டதில்லை.

பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் கதை சொல்லிக் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் ராஜாவின் தலை வெடித்துவிடும். வாயைத் திறந்தால் வேதாளம் மறுபடி மரத்துக்குப் போய்விடும். அந்த இக்கட்டில் ராஜா என்ன சொன்னார் என்று தெரிந்தே ஆக வேண்டும். அப்பா அலுவலகத்திலிருந்து வரும்வரை யார் காத்திருப்பது? நானும் அண்ணனும் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தோம். 'ற'வுக்கும் 'ர'வுக்கும் வித்தியாசம் பழகியது அந்தப் பக்கங்களில்தான். நல்ல பிள்ளைகள் சீக்கிரம் எழுந்து பல் தேய்க்கும் கதையைப் படிக்க நாங்கள் அவ்வளவு பாடுபட்டிருப்போமா? நிச்சயமாக மாட்டோம்.

அப்புறம் முத்து காமிக்ஸ். 1972இல் சிவகாசியிலிருந்து இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடல் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் காற்றில் மிதந்து வரும். இப்போது நினைத்தாலும் அது திகிலான காட்சிதான். எங்கள் அம்மா பயந்தது அந்தக் கைக்காக இல்லை. அண்ணன் பிளக் பாயிண்டில் விரலை வைத்துவிடுவானோ என்று. அது நியாயமான பயம். அம்மா புத்தகத்தைப் பிடுங்கவில்லை. கரண்ட் என்றால் என்ன, தொட்டால் உடம்புக்கு என்ன ஆகும் என்று எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். பெரியவர்களின் கவலை இப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்: எது உண்மையில் ஆபத்து என்று பிரித்துப் பார்க்கும் கவலை.

பேய்ப் படம் பிள்ளைகளைக் கெடுக்கும் என்ற பயம் பழையது. 1954 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், இரும்புப் பல் வைத்த ரத்தக் காட்டேரி இரண்டு பையன்களைத் தின்றுவிட்டது என்று வதந்தி கிளம்பி, நூற்றுக்கணக்கான சிறுவர்கள் கம்பும் கத்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்தார்கள். பெரியவர்கள் அமெரிக்கத் திகில் காமிக்ஸ்மேல் பழியைப் போட்டார்கள். அப்படிப்பட்ட காட்டேரி வரும் காமிக்ஸ் எதையும் அப்போது யாராலும் காட்ட முடியவில்லை. இரும்புப் பல் மிருகம் பைபிளில் இருந்தது. இரும்புப் பல் கிழவியைப் பற்றிய பாட்டு ஒன்றும் அந்த ஊரில் இருந்தது. அதே ஆண்டு அமெரிக்கப் பதிப்பாளர்கள் தாங்களே ஒரு விதித்தொகுப்பை ஏற்று, காட்டேரி, ஓநாய் மனிதன் எல்லாவற்றையும் விலக்கினார்கள். 1955இல் பிரிட்டனில் சட்டம் வந்தது. 1956இல் நம் நாடாளுமன்றமும் இளம் வயதினருக்குத் தீங்கான வெளியீடுகளைத் தடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. குற்றம், வன்முறை, கொடூரம், அருவருப்பான அல்லது கோரமான சம்பவங்கள் ஆகியவற்றையே காட்டி இளம் மனதைக் கெடுக்கும் வெளியீடுகளை அது குறிவைத்தது. அம்புலிமாமாவின் வேதாளமோ அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் தோளிலேயே சவாரி செய்தது. கொடூரம் வேறு, பேய்க் கதை வேறு. ஒருவனைச் சித்திரவதை செய்வதை ரசித்து ரசித்துக் காட்டும் படக்கதை என்றால் நானும் அந்தத் தாயோடு சேர்ந்து வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இந்தத் தில்லியிலேயே 2001 மே மாதம் கருங்குரங்கு மனிதன் பீதி வந்தது. மாடியில் படுத்திருந்த பெரியவர்கள் அலறி ஓடி, கீழே விழுந்து உயிரையே விட்டார்கள். கடைசியில் அப்படி ஒரு பிராணியே இல்லை என்று ஆனது. அந்தப் பீதி எந்தச் சிறுவர் இதழிலிருந்தும் வரவில்லை. வாய்வழியாகவும் செய்திகள் வழியாகவும் பரவியது. சோறு இறங்காத பிள்ளைக்குப் பூச்சாண்டியைக் காட்டுவதும் நாம்தான். அந்தப் பூச்சாண்டிக்குக் கதையும் கிடையாது, முடிவும் கிடையாது. படக்கதைப் பேய்க்குக் கடைசிக் கட்டம் என்று ஒன்று இருக்கிறது.

இப்போது மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் தமிழ் சொல்லித் தருகிறேன். பாடப்புத்தகத்தைத் தொடவே அழும் பிள்ளைகள், பழைய அம்புலிமாமா பைண்டு வால்யூமை எடுத்தால் அருகில் நகர்ந்து உட்காருகிறார்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நான் அதைக் காட்டுவதில்லை. பெரிய பிள்ளைகளோடு கதையின் முடிவுவரை இருந்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

அந்தத் தாயின் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்து, அந்த இதழை எடுத்துப் பார்த்தேன். கிணற்றிலிருந்து ஒரு கை வெளியே வருகிறது, கீழே "தொடரும்". அடுத்த இதழ் வரும்வரை அந்தக் கையோடு பையன் தனியாகப் படுத்திருக்க வேண்டும். அம்புலிமாமாவின் விக்கிரமாதித்தன் கதை ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை. ராஜா பதில் சொல்வார், வேதாளம் பறக்கும், கதை அந்த இதழிலேயே முடியும்.

அதனால் என் வேண்டுகோள்: படக்கதையை நிறுத்தாமல், கூட ஒரு பக்கம் ஒதுக்கி ஒவ்வொரு கதையையும் அந்த இதழிலேயே முடியுங்கள். எட்டு வயதுக்கு மேல் என்று தலைப்பின் அருகில் போடுங்கள். கிணற்றுக் கை யாருடையது என்பதை அடுத்த இதழின் முதல் கட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பையன் காத்திருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயூர் விஹார், தில்லி