பட்டியலில் இல்லாத பாட்டு

திருகோணமலை,
மார்கழி மாதம்.

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. பதில் பிந்தியதற்கு என்னை மன்னித்துக்கொள். இங்கே வாடைக்காற்று வீசுகிறது. டச் பே கடல் இரவு முழுவதும் இரைகிறது. அம்மா சுகமாக இருக்கிறார், உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார். நான் எழுதப் பிந்தியதற்குக் காரணமான விடயத்தை உனக்குத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் இருவரும் ஒரே திண்ணையில் இருந்து மிருதங்கம் பழகியவர்கள்.

விடுமுறைக்கு வந்த பெறாமகன், அலுமாரிக்குள் கிடந்த பழைய பிளேஸ்டேஷன் 2 என்ற விளையாட்டுக் கருவியையும் 'கிட்டார் ஹீரோ' விளையாட்டின் டிவிடியையும் எடுத்துத் தூசி தட்டினான். ஹார்மோனிக்ஸ் நிறுவனம் உருவாக்கி 2005இல் வெளிவந்த விளையாட்டு அது. கிட்டார் போன்ற கருவியின் கழுத்தில் ஐந்து நிறப் பொத்தான்கள் இருக்கும்; திரையில் இறங்கி வரும் வட்டம் கோட்டைத் தொடும் கணத்தில் அதே நிறப் பொத்தானை அமர்த்தியபடி, தந்திக்குப் பதிலாக உள்ள பட்டையைத் தட்ட வேண்டும். பட்டியலில் 47 பாட்டுகள் உள்ளன. விளையாடி அலுத்ததும் அவன் டிவிடியைக் கணினியில் இட்டு உள்ளே இருந்த கோப்புகளைப் பிரித்தான். அங்கே நாற்பத்தெட்டாவதாக ஒரு பாட்டு கிடந்தது: கர்னியின் 'கிரேவ்யார்ட் ஷிஃப்ட்'. விளையாட்டின் எந்தத் திரையிலும் அந்தப் பெயர் வராது; விளையாட்டின் பூட்டுகளைக் கள்ளத்தனமாகத் திறக்கும் சீட் கோட் போடும் கருவி இருந்தால் மட்டுமே அதை வாசிக்க முடியும்.

இத்தகையவற்றை 'ஒளித்து வைத்த பாட்டு' என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் சரியாகப் படவில்லை. விளையாட்டின் பாட்டுகளெல்லாம் ஒரே பெரிய கோப்புக்குள் அடுக்கப்பட்டிருக்கின்றன. எது எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை இன்னொரு சிறிய கோப்பு சொல்கிறது. திரையில் எவை தெரிய வேண்டும் என்பதற்கு வேறொரு பட்டியல் உண்டு. ஒரு பாட்டு வேண்டாம் என்று கடைசி நேரத்தில் முடிவானால், பட்டியலில் அதன் பெயரை எடுத்துவிட்டாலே போதும். பாட்டையே அழித்தால் அதற்குப் பின்னால் உள்ளவற்றின் இடமெல்லாம் மாறும், முழுவதையும் மீண்டும் சோதிக்க வேண்டும். டிவிடி அச்சுக்குப் போகும் நாள் நெருங்கியிருக்கும்போது அந்த வேலையை யார்தான் விரும்பிச் செய்வார்கள்? ஆகவே அது மறைக்கப்பட்டதன்று, விடப்பட்டது.

என்னை உண்மையில் பிடித்து இருத்தியது அந்த விளையாட்டில் உள்ள பாட்டுகளின் சார்ட்தான். எந்தப் பொத்தான் எப்போது வர வேண்டும் என்பதை மிடி வடிவில், அதாவது சுரங்களை எண்களாக எழுதும் கணினி முறையில், குறித்து வைப்பதைத்தான் சார்ட் என்கிறார்கள். எளிய நிலையில் ஐந்து பொத்தான்களுக்கும் 60 முதல் 64 வரையான எண்கள், அடுத்த நிலைக்கு 72 முதல், அதற்கடுத்து 84 முதல், மிகக் கடினமானதற்கு 96 முதல் 100 வரை. ஒவ்வொரு நிலைக்கும் இடையே பன்னிரண்டு இருப்பதைக் கவனித்தாயா? நம்முடைய பன்னிரண்டு சுரத்தானங்களும் முடிந்து அடுத்த ஸ்தாயி தொடங்குவது போலத்தான். பெறாமகனுக்கு அது வெறும் எண். நான் ஹார்மோனியத்தின் கட்டைகளை வைத்துக் காட்டிய பிறகே அவன் முகம் மலர்ந்தது.

அதைவிட இன்னொன்று. இந்தச் சார்ட்டில் ஓர் அட்சரம், அதாவது தாளத்தின் ஓர் அடி, 480 பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அன்றிரவு நித்திரை வராமல் கணக்குப் போட்டேன். அட்சரத்தை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடைக்கு 160, நான்காகப் பிரிக்கும் சதுஸ்ரத்துக்கு 120, ஐந்தாகப் பிரிக்கும் கண்டத்துக்கு 96; மூன்றும் மிச்சமின்றிப் பொருந்துகின்றன. மிஸ்ரத்துக்கு ஏழால் வகுத்தால் மிச்சம் வருகிறது, சங்கீர்ணத்துக்கு ஒன்பதால் வகுத்தாலும் அப்படியே. நிமிடத்துக்கு 120 அட்சரம் என்ற வேகத்தில் ஒரு பங்கு ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன்தான், ஆகையால் காதுக்கு அந்தப் பிசகு தெரியாது. ஆனாலும் ஐந்து நடைகளில் இரண்டுக்கு அந்த அளவுகோலில் நேரான இடமில்லை என்பது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அளவுகோலைச் செய்தவர்கள் எந்தத் தாளத்தைக் கேட்டு வளர்ந்தார்கள் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

1950இல் இங்கே கிணறு வெட்டும்போது கோணேசர் கோயிலின் வெண்கலத் திருவுருவங்கள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த கதையைப் பெறாமகனுக்குச் சொன்னேன். அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்டான். இல்லை என்றேன். போர்த்துக்கேயருக்கு அஞ்சிப் புதைத்தவர்கள் ஒருநாள் மீட்கலாம் என்று நம்பிப் புதைத்தார்கள். டிவிடியில் பாட்டை விட்டவர்களோ, யாராவது அதைத் தேடி வருவார்கள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். அப்படி நினையாமல் விட்டதில்தான் செய்தவரின் கை அழகுபடுத்தப்படாமல் தெரிகிறது என்று எனக்குப் படுகிறது.

இதையெல்லாம் எழுதும்போது நம்முடைய பரிசளிப்பு விழா ஞாபகம் வருகிறது. மாஸ்டர் நமக்காகவே மிஸ்ர நடையில் ஒரு கோர்வை கட்டித் தந்தார். இரண்டு மாதம் பழகினோம். நேரம் போதாதென்று நிகழ்ச்சி நிரலில் அதை வெட்டிவிட்டார்கள். மாஸ்டரும் அதை வேறெங்கும் வாசித்ததாக நான் அறியேன். என்னுடைய கொப்பியில் முதல் இரண்டு வரிகள் மட்டுமே இருக்கின்றன, மீதி மழையில் நனைந்து அழிந்துவிட்டது. உன்னுடைய நீல மட்டைக் கொப்பி இன்னும் உன்னிடம் இருந்தால், கடைசிப் பக்கங்களைப் பார்த்து அந்தச் சொற்கட்டைப் படம் பிடித்து அனுப்பு. பெறாமகன் அதைச் சார்ட்டாக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். ஏழால் வகுபடும் வேறு எண்ணை அட்சரத்துக்கு வைக்கலாமா என்றும் பார்த்துக்கொண்டிருக்கிறான். விடுமுறை முடிய இன்னும் பத்து நாள்தான் உண்டு.

அன்புடன்,
உன் நண்பன்