காய்ச்சல் வந்தா டோஸ் டபுள், மறக்காத

பாப்பா,

போன்ல சொன்னா "சரிப்பா சரிப்பா"ன்னு வெச்சிருவ, அதான் உக்காந்து டைப் பண்றேன். போன வாரம் ரெண்டு நாள் காய்ச்சல்ல கிடந்தியாம், ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை எப்பவும் போல 10, 5, 5 மில்லிகிராம்னு மூணு வேளைதான் போட்டியாம், உன் ரூம்மேட் சொல்லித்தான் எங்களுக்கே தெரியுது. அந்தப் பிள்ளைமேல கோவப்படாத.

பிளஸ் டூ லீவுல நீ கருத்துக்கிட்டே போனது ஞாபகம் இருக்கா, விரல் முட்டி, உள்ளங்கை ரேகை, ஈறு கூட கருத்துச்சு, உங்க அத்தை கடலமாவு தேய்ங்கன்னா, நானும் வெயில்ல சுத்துறன்னு திட்டினேன். ஊறுகாய வேற விரல்ல தொட்டு நக்கிக்கிட்டே இருப்ப, அதுக்கும் திட்டுதான். உடம்புல உப்பப் பிடிச்சு வெக்கிற ஆல்டோஸ்டீரோன்ங்கிற ஹார்மோன் சுரக்காம உப்பெல்லாம் ஒண்ணுக்குல போய்க்கிட்டு இருந்துச்சுன்னு எனக்கு எங்க தெரியும். கடைசில பாத்ரூம்ல விழுந்து, பிபி இறங்கி, டிரிப்ஸ் ஏத்தி, காலைல 8 மணிக்கு ரத்தத்துல கார்ட்டிசால் ஹார்மோன் அளவு பாத்தப்பதான் அடிசன் நோய்ங்கிற பேரையே கேட்டேன். 1855லயே தாமஸ் அடிசன்னு லண்டன் டாக்டர் ஒருத்தர் இத எழுதி வெச்சிருக்காரு. அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கும் இது இருந்துச்சாம், அதக் கேட்டு எனக்கு ஏனோ ஒரு தெம்பு.

ஸ்டீராய்டு உடம்பக் கெடுத்துரும்னு ஆபீஸ்ல யாராச்சும் சொன்னா காதுல வாங்காத. மத்தவங்களுக்கு கிட்னி மேல தொப்பி மாதிரி இருக்க சுரப்பி தானா குடுக்கற கார்ட்டிசால, உனக்கு அது சுரக்காததால, நீ மாத்திரையா போடுற, அவ்ளோதான். ஆனா காய்ச்சல் வந்தா அவங்களுக்கு அதுவே கூட சுரக்கும், உனக்கு அந்த வேலைய யார் செய்வா? நீதான் ஹைட்ரோகார்ட்டிசோன டபுளாக்கணும். வாந்தி எடுத்து மாத்திரை நிக்கலன்னா யோசிக்காத, தொடைல 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி, நேரா ஆஸ்பத்திரி, அங்க போனதும் மொதல்ல அடிசன்னு சொல்லு, அத எழுதி வெச்சிருக்க கார்டையும் காட்டு. அந்த ரூம்மேட்டுக்கும் ஊசி போடக் கத்துக்குடு, மயங்கிட்டா நீயா போட்டுக்க முடியும்?

பிரிட்ஜுக்குப் பக்கத்துல வெச்சிருக்கியே அந்த ஊசி மருந்து, அதுல எக்ஸ்பைரி தேதிய போட்டோ எடுத்து இன்னைக்கே அனுப்பு. பார்சல்ல எலுமிச்சங்கா ஊறுகா வருது, உங்கம்மா இந்தத் தடவ உப்பு தாராளமாவே போட்டிருக்கா.

அப்பா