மாமாவின் அடுத்த மடல் எங்கே? ஊர்ச் சங்கத்தின் இணையப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்கத்தாருக்கு,

வணக்கம். 1990 இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டபோது யார் யார் எதை விட்டுவிட்டு வந்தோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நீங்களும் அதே ஒழுங்கையால் நடந்து வந்தவர்கள்தான். எங்கள் வீட்டில் விடுபட்டது காணி உறுதி, அதாவது காணிப் பத்திரம்.

இராணுவம் பிடித்து வைத்திருந்த காணியை இப்போது விட்டிருக்கிறார்கள். வேலி இல்லை, கதியால் இல்லை, எல்லையில் நின்ற பனையும் இல்லை. பதிவகத்தில் உறுதியின் பிரதி எடுக்கப் போனால் உறுதி இலக்கம், அதை எழுதி முடித்த நொத்தாரிசின் பெயர், முடித்த ஆண்டு கேட்கிறார்கள். அதெல்லாம் தெரிந்திருந்த ஒரே ஆள் எங்கள் மாமா. கனடாவில் இருந்துகொண்டு ஊர்க் காணிகளின் பெயர், எல்லை எல்லாவற்றையும் உங்கள் செய்தித் தொகுப்புக்கு மடல் மடலாக எழுதினவர். இன்று அவர் இல்லை. மடல்கள் உங்களிடம் இருக்கின்றன.

உங்கள் இணையத்தளத்தில் மூன்று இரவு தேடினேன். ‘காணி’ என்று அடித்தால் அண்மைக் கால வாழ்த்துகளும் கோயில் கணக்கும்தான் வருகின்றன. பக்கத்தில் அம்மா, "தம்பி எழுதினவன், நான் வாசிச்சனான்" என்றபடி கண்ணை எடுக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தா.

பழைய மடல்கள் பாமினி எழுத்துருவில் அடித்தவை. கண்ணுக்குத் தமிழ், கணினிக்குள் வெறும் ஆங்கில எழுத்து. ‘காணி’ அங்கே எஃப், எச், இசட், பி. நாங்கள் இப்போதைய பொது எழுத்து முறையான யூனிகோடில் அடிக்கும் ‘காணி’ அதோடு எப்படிப் பொருந்தும்? கடைசியில் என் பெறாமகள் அந்த நாலு எழுத்தையும் தேடல் பெட்டியில் அடித்தாள். 2004 இல் எழுதிய மடல் ஒன்று வந்தது. திரையில் விளங்காத எழுத்துக் குவியல். எழுத்துரு மாற்றியில் போட்டாள்; நாலு எல்லையும், நொத்தாரிசின் பெயரும், ஆண்டும் தெளிவாக வந்தன. அம்மா ஒவ்வொரு எல்லையையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தா. கடைசி வரி: "உறுதி இலக்கத்தை அடுத்த மடலில் எழுதுறன்."

அந்த அடுத்த மடல் இன்னும் கிடைக்கவில்லை. உங்கள் தேடல் முழுச் சொல்லைத்தான் பார்க்கிறது. ‘உறுதி’ என்று கேட்டால் ‘உறுதியின்’ வராது, ‘உறுதிப்படி’ வராது. தமிழில் எந்தப் பெயர்ச்சொல் எப்போதும் வேற்றுமை உருபு இல்லாமல் தனியே நிற்கிறது? மேற்கோள் குறிக்குள் தொடராகத் தேடவும் வழியில்லை, ஆண்டைக் குறிக்கவும் இடமில்லை.

கேட்பது இவ்வளவுதான்: பழைய மடல்களை யூனிகோடுக்கு மாற்றுங்கள், தேடலைத் திருத்துங்கள். சொல்லின் முன்பகுதியை அடித்தால் உருபு சேர்ந்த சொற்களும் வரட்டும். மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இடையிடையே ஆங்கிலம் கலந்த மடல்கள் மாற்றும்போது குழம்பும்; ஆகவே மூலத்தை அழிக்காமல் பக்கத்தில் வையுங்கள். பிழை திருத்த என் பெறாமகளும் தோழிகளும் ஆயத்தமாக இருக்கிறார்கள்.

இதை முன்பும் மூன்று முறை எழுதிக் கேட்டேன். "தேடல் வேலை செய்யுதுதானே" என்று ஒரேயொரு பதில் வந்தது. 1981 இல் எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை ஒவ்வொரு ஆண்டும் மேடையில் நினைவுகூருகிறோம். கிட்டத்தட்ட 97,000 நூல்கள். அதை எரித்தவர்கள் வேறு ஆட்கள். எரியாமல் மிஞ்சிய எங்கள் எழுத்தை எவரும் எடுக்க முடியாமல் வைத்திருப்பது நாங்களே அல்லவா? கலைவிழா மேடைக்குக் காசு சேர்கிறது. இதற்கு மட்டும் ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

கோபத்தில் கூடச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சம்பளமில்லாமல் இத்தனை ஆண்டு இதைக் காத்து வைத்தவர்கள் நீங்கள். நீங்கள் இல்லாவிட்டால் அந்த 2004 மடலும் எங்கள் கைக்கு வந்திராது. அம்மாவுக்கு 86 வயது. விடிந்ததும் "மற்றது வந்திட்டுதோ?" என்றுதான் கேட்கிறா. தயவுசெய்து பழைய மடல்களை மாற்றி, தேடலைத் திருத்தித் தாருங்கள். அதுவரை மாமாவின் பெயரில் உள்ள மடல்களையாவது தனியே எடுத்து அனுப்பினால் பெரிய உதவி.

இப்படிக்கு,
ஊரவள் ஒருத்தி,
யாழ்ப்பாணம்