வில்லங்கம் சின்ன வார்த்தையில்தான் இருக்கிறது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, ஆச்சி எல்லோரும் சௌக்கியம். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுததை அம்மாவிடம் சொல்லவில்லை. சிக்னல் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். போனில் ஏதாவது சொன்னால் “சரிப்பா, சரிப்பா” என்று வைத்துவிடுவாய், அதனால் கடிதம். முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிற எனக்குக் கையில் பேனா இருந்தால்தான் யோசனையே ஓடும்.

கிளாட் என்கிற சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வுக்கு நீ எழுதிப் பார்த்ததில், இங்கிலீஷ் பகுதியில் 24 கேள்வி, 9 சரி, 11 தப்பு, 4 விட்டுவிட்டேன் என்றாய். தப்புக்குக் கால் மார்க் வீதம் 2.75 கழித்தால் 6.25. கணக்கு மோசம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ அதற்குச் சொன்ன காரணம் என் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. “1200 வார்த்தை மனப்பாடம் பண்ணியிருக்கேன்பா, அதுல ஒண்ணுகூட வரல” என்றாயே, அதைத்தான் சொல்கிறேன்.

வராதுதான். நீ கையில் வைத்திருக்கிற பட்டியல் பழைய கிளாட் தேர்வுக்குப் போட்டது. அப்போது வார்த்தையைத் தனியாகக் கொடுத்து, பொருள் என்ன, எதிர்ச்சொல் என்ன என்று நேரடியாகக் கேட்பார்கள். 2020 முதல் அந்த வழக்கம் போய்விட்டது. இப்போது 450 வார்த்தை அளவுக்கு ஒரு பத்தியைக் கொடுத்து, இந்த இடத்தில் இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்கிறார்கள். ‘இந்த இடத்தில்’ என்பதைத்தான் நீ பார்க்கத் தவறுகிறாய் என்று நினைக்கிறேன்.

அப்பா மானம் போன கதை ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. சரி, சிரி. நான் பழைய எழுத்தரிடம் உதவியாளாகச் சேர்ந்த புதிது. வெள்ளைக்காரன் காலத்து இங்கிலீஷ் பத்திரம் ஒன்றை நகல் எடுக்கக் கொடுத்தார். அதில் ‘எக்ஸிக்யூட்டட் பை’ என்று போட்டு ஒரு பெரியவர் பேர் இருந்தது. எக்ஸிக்யூட் என்றால் தூக்கில் போடுவது என்று பள்ளிக்கூட நோட்ஸில் படித்திருந்தேன். “ஐயா, இடத்தை வித்ததுக்கா இவரைத் தூக்குல போட்டாங்க?” என்று கேட்டுவிட்டேன். ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எழுதிக் கொடுத்தவர் என்பதுதான் அங்கே அர்த்தம். அதே பத்திரத்தில் கன்சிடரேஷன் என்றால் அக்கறை கிடையாது, கிரயத் தொகை. இன்ஸ்ட்ருமென்ட் என்றால் வீணை கிடையாது, அந்தப் பத்திரமேதான். மூன்றும் எனக்குத் தெரிந்த வார்த்தைகள்தான் பாப்பா. தெரியும் என்று நினைத்ததால்தான் மாட்டிக்கொண்டேன்.

தமிழிலும் இதே கதைதான். ஊரில் வில்லங்கம் என்றால் வம்பு. சார்பதிவாளர் ஆபீஸில் வில்லங்கம் என்றால் சொத்தின் மேல் இருக்கிற அடமானம் மாதிரியான பொறுப்பு. விடுதலைப் பத்திரம் எழுத வருகிறவர் ஜெயிலில் இருந்து வருவதில்லை; அண்ணனுக்குத் தன் பங்கை விட்டுக்கொடுக்க வருகிற தங்கச்சி அவர். செக்குபந்தி, பாத்தியதை (உரிமை), ௸ (மேற்படி) இதையெல்லாம் எனக்கு யாரும் பட்டியல் போட்டுச் சொல்லித் தரவில்லை. பத்துப் பத்திரம் நகல் எடுத்தேன். செக்குபந்தி என்று வரும்போதெல்லாம் பின்னாலேயே கிழக்கே யார் நிலம், மேற்கே என்ன பாதை என்று வந்தது. நிலத்தின் நான்கு எல்லை என்று புரிந்துவிட்டது.

போன வாரம் பேப்பரில் இருந்து எடுத்து வைத்ததைச் சொல்கிறேன். சாங்ஷன் என்று ஒரு வார்த்தை. ஒரு நாட்டின் மேல் சாங்ஷன் போட்டார்கள் என்றால் தடை, தண்டனை. அதே பக்கத்தில் கீழே, லஞ்ச வழக்கில் அரசு ஊழியர் மேல் வழக்கு நடத்த அரசாங்கம் சாங்ஷன் கொடுத்தது என்றால் அனுமதி. தலைகீழ்! ஓவர்சைட் என்றால் மேற்பார்வை, கவனக்குறைவும் அதுதான். கோர்ட் ஒரு மனுவை என்டர்டெயின் பண்ண மறுத்தது என்று வந்தால், ஆட்டம் பாட்டம் எதுவும் இல்லை, விசாரணைக்கு எடுக்கவில்லை என்று அர்த்தம். குவாலிஃபைட் சப்போர்ட் என்றால் தகுதியான ஆதரவு என்று நீ டிக் அடிப்பாய் என்று எனக்கு இப்போதே தெரியும். அது ‘ஆனால்’ போட்டுக் கொடுக்கிற ஆதரவு, நம் சித்தப்பா கல்யாணச் செலவுக்குக் கொடுத்த மாதிரி.

வக்கீலாகப் போகிறவள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது டிஸ்இன்டரஸ்டட். ஜட்ஜ் டிஸ்இன்டரஸ்டடாக இருக்க வேண்டும் என்றால் தூங்கி வழிய வேண்டும் என்று அர்த்தமில்லை. வழக்கில் தனக்கென்று லாப நஷ்டம் எதுவும் இல்லாதவராக இருக்க வேண்டும். தூங்கி வழிகிறவர் அன்இன்டரஸ்டட்.

1200 வார்த்தைப் பட்டியலைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஆனால் அகராதி வரிசையில் படிக்காதே. அப்ஜூர், அட்ஜூர் இரண்டையும் ஒரே ராத்திரியில் படித்தால் காலையில் எது சத்தியத்தைக் கைவிடுவது, எது சத்தியம் வைத்துக் கேட்பது என்று குழம்பாமல் என்ன செய்யும்? ஒரு வேரில் கிளைத்ததைச் சேர்த்துப் படி. லத்தீனில் க்ரெட் என்கிற வேருக்கு நம்புவது என்று பொருள். கடைக்காரர் நம்பிக் கொடுப்பது க்ரெடிட். நம்பத் தகுந்தது க்ரெடிபிள். யார் என்ன சொன்னாலும் நம்புகிற உன் அத்தை க்ரெடுலஸ் (கடிதத்தை அவளிடம் காட்டாதே). எதையும் நம்ப மறுக்கிற ஆச்சி இன்க்ரெடுலஸ். நாலும் மறக்குமா? நான் தினமும் எழுதுகிற மார்ட்கேஜ் பழைய பிரெஞ்சில் ‘செத்த அடகு’ என்று தெரிந்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நம்மிடமிருந்து போன வார்த்தைகளும் உண்டு. கட்டுமரம் கட்டமரான் ஆனது, சுருட்டு செரூட் ஆனது, இதெல்லாம் சந்தோஷம். தலையங்கங்களில் பரையா என்று ஒன்று வரும். மற்ற நாடுகள் ஒதுக்கி வைத்த நாட்டைப் பரையா ஸ்டேட் என்பார்கள். பறை அடித்த நம் ஊர் மக்களின் சாதிப் பெயர்தான் அது. 17ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலீஷுக்குப் போய், ஒதுக்கப்பட்டவன் என்கிற பொருளில் நின்றுவிட்டது. பரீட்சையில் வந்தால் ஒதுக்கப்பட்டவர் என்று குறித்துவிட்டு வா. நீயாக எழுதும்போது அந்த வார்த்தையைப் போடாதே. அவுட்காஸ்ட் என்று எழுதப் போகிறாயா? அதற்குள்ளும் சாதி உட்கார்ந்திருக்கிற மாதிரி படும், ஆனால் அது வேறு வேரில் வந்தது, வெளியே எறிவது. எனக்கு அதுவும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தினம் ஒரு தலையங்கம். தெரியாத வார்த்தை வந்தால் உடனே போனில் தேடாதே. முன்னும் பின்னும் இரண்டு வரி படித்து, என்னவாக இருக்கும் என்று பென்சிலில் ஓரத்தில் எழுது. பிறகு அகராதியைப் பார். உன் ஊகம் தப்பாகப் போன வார்த்தைதான் நிற்கும், அப்பாவுக்கு எக்ஸிக்யூட் நின்ற மாதிரி. வார்த்தையை மட்டும் எழுதி வைக்காமல், அது வந்த வாக்கியத்தை முழுசாக எழுது. ஒரு நாளைக்கு ஏழு, எட்டு போதும். மறுநாள் பார், மூன்று நாள் விட்டுப் பார், ஒரு வாரம் விட்டுப் பார். அப்போதும் மறந்தால் அந்த வார்த்தை நமக்கு வேண்டாம், விட்டுவிடு. 120 நிமிஷத்தில் 120 கேள்வி. இங்கிலீஷ் அதில் 22இலிருந்து 26 வரைதான். ஒரு வார்த்தைக்காக உட்கார்ந்து அழ நேரம் கிடையாது.

அந்தத் தப்பான 11 கேள்வியையும் வாக்கியத்தோடு எழுதி அனுப்பு. அவற்றில் எத்தனை உண்மையிலேயே தெரியாத வார்த்தை, எத்தனை தெரிந்த வார்த்தை என்று நான் எண்ணிப் பார்க்க வேண்டும். நாலுக்கு மேல் தெரியாதது இருக்காது என்று உன் அம்மாவிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன். எதற்குப் பந்தயம் என்று அவளுக்குச் சொல்லவில்லை.

அப்புறம், புதன்கிழமை ராத்திரி பஸ்ஸில் பார்சல் வரும். முறுக்கு, பருப்புப்பொடி, அதோடு ஒரு கட்டு பழைய கல்யாணப் பத்திரிகை. வாசகம் ஒரு பக்கம்தான் அச்சடித்திருக்கும், பின்பக்கம் காலி. நாலாக வெட்டி வைத்திருக்கிறேன், வார்த்தை எழுத அட்டை வாங்க வேண்டாம். அந்தக் கட்டுக்குள் உன் மாமா மகள் கல்யாணப் பத்திரிகையும் தெரியாமல் சேர்ந்துவிட்டது, அதையும் வெட்டிவிட்டேன். அந்த நாலு துண்டில் மட்டும் எழுதாமல் எடுத்து வை. அம்மா தேடிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா