குழந்தைகளுக்குக் காற்றுப் பாடம்: டம்ளரில் தொடங்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம் வந்தால் எங்கள் காரைக்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் ஓவியப் போட்டி வைப்பார்கள். எல்.கே.ஜி. பிள்ளை உட்பட எல்லோரும் வரைவது ஒரே படம்தான்: கரும்புகை கக்கும் நெட்டைப் புகைபோக்கி. கோட்டையூரிலும் பள்ளத்தூரிலும் கானாடுகாத்தானிலும் எந்தப் பிள்ளை அப்படியொரு புகைபோக்கியைப் பார்த்தது? அது பார்ப்பது தெருமுனையில் எரியும் குப்பையை, சீமைக்கருவேலக் கரிமூட்டத்தை, ராத்திரி பாய்க்குப் பக்கத்தில் புகையும் கொசுவர்த்தியை. போகட்டும், நான்கு வயதுப் பிள்ளைக்குக் காற்று என்று ஒரு பொருள் இருப்பதே இன்னும் பிடிபட்டிருக்காது. வெறும் டம்ளரைக் காட்டிக் கேளுங்கள், "ஒண்ணுமில்லை" என்று சொல்லும். ஒன்றுமில்லாததைச் சுத்தமாக வைத்திரு என்றால் அது என்ன செய்யும்?

ஆகவே டம்ளரிலேயே தொடங்கலாம். கண்ணாடி டம்ளர் வேண்டும். எவர்சில்வரில் உள்ளே நடப்பது தெரியாது. டம்ளரின் உயரத்தைவிட ஆழமாக ஒரு வாளித் தண்ணீர். அரைத்தாளைக் கசக்கி டம்ளரின் அடியில் இறுக்கி அடைத்து, கவிழ்த்து, செங்குத்தாக அமுக்க வேண்டும். தாள் நனையாது. பிறகு மெல்லச் சாய்த்தால் குமிழ் குமிழாகக் காற்று வெளியேறும், தண்ணீர் அந்த இடத்தைப் பிடிக்கும். இதில் கெடுவது இரண்டு இடத்தில். தாள் தளர்வாக இருந்தால் கவிழ்த்ததும் விழுந்துவிடும். சரியாக வந்தாலும், ஈரக் கையோடு தாளை வெளியே எடுத்தால் அது நனைந்திருக்கும். பிள்ளை நம்பாது, அது நம்பாததும் நியாயமே. கையைத் துடைத்த வேறொருவர் எடுக்கட்டும்.

காற்றுக்கு எடை உண்டென்று காட்ட, கம்பின் இரு முனையில் பலூன் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். பெரும்பாலும் சொதப்பும். காரணம் இருக்கிறது: பலூனுக்குள் அடைத்த காற்றின் எடையை, அது ஒதுக்கிய வெளிக்காற்று ஏறக்குறைய அதே அளவு மேலே தாங்குகிறது. மிஞ்சுவது உள்ளே சற்று அமுங்கியிருக்கும் காற்றின் எடை மட்டும்; ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். இதற்குப் பெரிய கால்பந்தே மேல். காற்றுத் தளர்ந்த, ஆனால் வடிவம் குலையாத பந்தை ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசில் வையுங்கள். உருளாமலிருக்க அடியில் துணிச் சும்மாடு போதும். பிறகு நன்றாகக் காற்றடித்து மறுபடி வைத்தால் எடை ஏறக்குறைய 5 கிராம் கூடும். ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம். இருபதுக்கு இருபது அடியில், பத்தடி உயர வகுப்பறைக்குள் இருக்கும் காற்று 130 கிலோ வரும்; 25 கிலோ அரிசிப் பை ஐந்தின் கனம். பிள்ளைகள் இதைக் கேட்டால் அண்ணாந்து பார்ப்பார்கள்.

மெழுகுவர்த்திச் சோதனையைச் சின்ன வகுப்பில் விட்டுவிடலாம் என்பது எங்கள் கருத்து. தட்டுத் தண்ணீரில் நிற்கும் மெழுகுவர்த்தியைக் கண்ணாடியால் மூடினால் நீர் ஏறும்; "ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் தீர்ந்தது" என்று விளக்கம் சொல்லப்படும். அது தவறு. ஆக்சிஜன் பாதிகூடத் தீராமலே சுடர் அணைகிறது. சூடேறி விரிந்த காற்று, அணைந்தபின் குளிர்ந்து சுருங்குவதால்தான் நீர் ஏறுகிறது. சந்தேகமிருந்தால் மூன்று மெழுகுவர்த்தி வைத்துப் பாருங்கள், நீர் இன்னும் மேலே ஏறும். ஆக்சிஜன் அதேதானே?

காற்றின் ஓட்டத்தைக் காட்ட நம் ஊரைவிட நல்ல இடம் வேறில்லை. முகப்பில் தொடங்கி, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாம் கட்டு என்று நீண்டு மறுதெருவில் முடியும் வீடுகள். பட்டம் ஒட்டும் மெல்லிய தாளில் 2 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளத்தில் துண்டுகள் வெட்டி, தலைவாசலிலும் வளவு முற்றத்தின் ஓரத்திலும் பின்வாசலிலும் தொங்கவிடுங்கள். செய்தித்தாள் கனம், அசையாது. தெருவில் காற்று வீசும் நேரத்தில் இரு வாசலையும் திறந்தால் துண்டுகள் ஒரே பக்கம் சாயும். பின்வாசலைச் சாத்தினால் தலைவாசல் துண்டின் ஆட்டம் அடங்கும். உள்ளே வரும் காற்றுக்கு வெளியேற வழி வேண்டும் என்பதைப் பிள்ளையே சொல்லிவிடும். கூடவே பெயர்களும்: தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. காற்று போகும் திசையல்ல, புறப்பட்டு வரும் திசையே பெயர். பிள்ளைகள் இதை மாற்றிச் சொல்வார்கள், திருத்த வேண்டும்.

அழுக்கைப் பார்க்க, அஞ்சலட்டை அளவு வெள்ளை அட்டைகளில் 5 செ.மீ. சதுரம் வரைந்து, அதில் வாஸ்லின் களிம்பை மெல்லியதாகத் தடவுங்கள். தடிப்பாகத் தடவினால் அதுவே மஞ்சளாகத் தெரியும். தேங்காயெண்ணெய் வேண்டாம், எறும்பு வரும். ஒன்று வகுப்பறையில், ஒன்று பேருந்துச் சாலையோரம், ஒன்று அடுப்படியில், ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று மூடிய டப்பாவுக்குள். பிள்ளையின் மூக்கு உயரத்தில், நேர் வெயில் படாமல், மூன்று நாள். பிறகு உருப்பெருக்கியில் எண்ணிப் பார்க்கலாம். ஆடிக்காற்றில் செய்தால் செம்மண் எல்லாவற்றையும் மூடிவிடும், ஐப்பசி கார்த்திகையில் மழை. தை, மாசி தோது. செம்புழுதி வேறு, கரி வேறு என்று பிரித்துப் பார்க்கப் பழக்குங்கள். ஆசிரியர் மறக்கக் கூடாதது: நுரையீரலின் ஆழம் வரை போகும் 2.5 மைக்ரான் துகள் இந்த அட்டையில் தெரியாது; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிரின் தடிமன் 50 முதல் 70 மைக்ரான். அட்டை வெள்ளையாக இருப்பதால் காற்றும் சுத்தம் என்று எழுதிவிடக் கூடாது.

அந்த நுண்துகளை வீட்டுக்குள் கொண்டுவருவதில் கொசுவர்த்திக்குப் பெரிய பங்கு. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் வெளியிடுகிறது என்று 2003இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. கதவு சன்னலைச் சாத்திவிட்டுச் சுருளைக் கொளுத்துகிறோம். தாள் துண்டு காட்டிய பாடத்தை இங்கே நினைவுபடுத்தலாம். கொசுவலை இருக்க இது எதற்கு?

கடைசியாக, பள்ளிக்கே ஒரு வார்த்தை. சில பள்ளிகளில் வகுப்பில் காற்றுப் பாடம் நடக்க, கட்டடத்துக்குப் பின்னால் வேப்பஞ்சருகும் பிளாஸ்டிக் உறையும் சேர்ந்து எரிகின்றன. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டது. பனிக்காலக் காலையில் புகை மேலெழாமல் தரையோடு நிற்கும். இறைவணக்கத்துக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகள் அதைத்தான் இழுக்கிறார்கள். மூன்றடி நீள அகலத்தில் இரண்டடிக் குழி போதும். அரையடிச் சருகு, அதன்மேல் சாணிக் கரைசல் தெளிப்பு, மறுபடி சருகு. பிழிந்த துணி அளவு ஈரம் வேண்டும். காய்ந்தால் மக்காது, தண்ணீர் தேங்கினால் நாறும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். பிளாஸ்டிக் உறைகளைப் பொறுக்கித் தனிச் சாக்கில் போடுவதைப் பிள்ளைகளே செய்வார்கள். மார்கழி பிறக்கும் முன் குழி வெட்டிவிட்டால், போகிக்கு டயர் தேடும் வயதுக்குள் அவர்கள் கண் வேறு வேலைக்குப் பழகியிருக்கும்.

இப்படிக்கு,
தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் சிலர்,
காரைக்குடி.